நாலு வளையங்கள்

மலைவீட்டிலிருந்து ஆள் வந்தபோது
வாதுமை பூத்து முடிந்திருந்தது.
புது வண்டி வேண்டுமாம்.
ஒரு மூட்டைகூட ஏறியிராத வண்டி.

நான் கூலி பேசவில்லை.
கூலி பேசுகிற வேலையா அது?
முடிச்சில்லாத பலகை தேடி
மூன்று கர்வாலி மரங்களை வீணாக்கினேன்.
அச்சுக்கு ஒலிவ எண்ணெய்,
விளக்குக்கு ஊற்றுகிற முதல் பிழிவு.
வேலை முடியும்வரை தனியே படுத்தேன்.
நகம் வெட்டி, கை கழுவி, உளியைத் தொட்டேன்.
பயபக்திக்கு என்னிடம் குறைவில்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அளவெடுக்க உள்ளே விட்டார்கள்.
பெட்டியின் மேல் நீலத் துணி.
துணியின் ஓரத்தில் நாலு வளையங்கள்,
வளையங்களில் செருகிய இரண்டு தண்டுகள்,
என் வண்டியின் நீளத்துக்கு இடைஞ்சலாக.
கழற்றலாமா என்றேன்.
கூடாதாம்.
ஏன் என்று இளையவனுக்குத் தெரியவில்லை.
அந்தப் பெட்டி இருந்த வீட்டில்
தவழ்ந்து வளர்ந்தவன் அவன்.
பிறந்தது முதல் அப்படித்தான் இருக்கிறது என்று
ஒரு தண்டின் நுனியைப் பார்த்துச் சிரித்தான்,
வீட்டு நாயைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

பின்பலகையில் இரண்டு பிறைகள் செதுக்கினேன்,
தண்டுகள் இடிபடாமல் படுத்துக்கொள்ள.
பார்த்தவர்கள் மெச்சினார்கள்.
பிடியுள்ள குடத்துக்குச்
சுருக்குக் கயிறு திரித்தவன் நான்.

கடலோரத்துக்காரர்கள் முன்பொரு நாள்
பெட்டியைத் திருப்பி அனுப்பியது வண்டியில்தான்.
அவர்கள் அறியாமல் செய்ததை
நாங்கள் அழகாகச் செய்தோம்.

சுரமண்டலம், மேளம், கைத்தாளம்.
ராஜா ஆடினார்.
நான் சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டபடி
பின்னால் நடந்தேன், பெருமையோடு.
போரடிக்கும் களத்தருகே
வலது மாடு இடறியது.
வண்டி சாய்ந்தது.
விழப்போகிற பிள்ளையைப் பிடிப்பதுபோல
இளையவன் கை நீட்டினான்.

மேளக்காரன் ஒருவன் மட்டும்
பார்க்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தான்.
பிறகு அவனும் நிறுத்தினான்.

அன்றிரவு அச்சைக் கழற்றிப் பார்த்தேன்.
கடையாணி இருந்தது. விரிசல் இல்லை.
ஆரக்கால் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டேன்.
மரத்தில் குற்றம் இருக்க வேண்டுமென்று
எவ்வளவு வேண்டிக்கொண்டேன் தெரியுமா?
அவன் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால்
நானும் நீட்டியிருப்பேன்.
இன்றுவரை தூக்கத்தில் என் கை
தானாக எழும்புகிறது. மனைவி பிடித்துக்கொள்கிறாள்.

பெட்டி காத் ஊரானின் வீட்டுக்குப் போயிற்று.
வண்டி வெறுமையாக என்னிடம் வந்தது.
யாரும் வாங்கவில்லை. நானும் விலை சொல்லவில்லை.
அதன்மேல் கோழிகள் ஏறும்போது
விரட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து
யாரோ பழைய சுருளைப் பிரித்திருக்கிறார்கள்.
எழுதித்தான் இருந்ததாம், அத்தனை காலமும்.
அவர் கேட்டது தோள்.
நாங்கள் கொடுத்தது சக்கரம்.

இந்த முறை என்னை யாரும் கூப்பிடவில்லை.
கூட்டத்தில் நின்று பார்த்தேன்.
தண்டுகள் தோளேறின.
ஆறு அடி. நின்றார்கள்.
பலியின் ரத்தம் மண்ணில் இறங்கியது.
சுமப்பவர்கள் ஆடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.
கழுத்து நரம்பு புடைத்து
மூச்சைக்கூட அளந்து விட்டார்கள்.
இடறினால் முதலில் அறிவது
அவர்கள் எலும்பு.

மாலையில் சுனையருகே
லேவியன் எல்சாபாத் அங்கியைத் தளர்த்தியிருந்தான்.
வலது தோளில் தோல் உரிந்து
தண்டின் அகலத்துக்கு ஒரு சிவப்பு.
அச்சுக்கு வாங்கிய எண்ணெயில்
கொஞ்சம் மிச்சம் இருந்தது என்னிடம்.
உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு
அருகே போய் நின்றேன்.
விரல் இடுக்கில் எண்ணெய் சொட்டியது.

தொடலாமா என்று கேட்டேன்.